இன்னொரு வாய்

17 செப்டம்பர் 2006, ஞாயிறு

பஹிர் தார் வந்து ஐந்து நாள் ஆகிறது. இன்றுதான் பெட்டியின் அடியில் இந்த டைரி அகப்பட்டது. அட்டை முழுக்க இட்லிப் பொடி. கனகவல்லி எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அவள் கட்டும் பொட்டலம் அவிழ்ந்துவிடும். கல்யாணமாகி இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன்.

எத்தியோப்பியாவில் இப்போது என்ன வருடம் தெரியுமா? 1999. போன திங்கட்கிழமைதான் வருடம் பிறந்ததாம். தெருவெல்லாம் மஞ்சள் பூ வைத்திருக்கிறார்கள். இவர்களுக்கு வருடத்துக்குப் பதின்மூன்று மாதம், கணக்கே வேறு. கல்லூரி அலுவலகத்தில் வேலையில் சேர்ந்த தேதியை எழுதச் சொன்னார்கள். நான் எழுதிய 2006-ஐ குமாஸ்தா அடித்துவிட்டு 1999 என்று போட்டார். ஐம்பத்து நாலு வயதுக்காரனுக்கு ஒரே கோட்டில் ஏழு வருடம் இலவசம். 1999-இல் எனக்குச் சர்க்கரை கிடையாது. சுப்புத்தாய் அக்கா இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி என்று மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள்.

எனக்கு இரண்டு அறை கொடுத்திருக்கும் வீட்டுக்காரம்மாள் பெயர் முலுநேஷ். ஐம்பது வயது இருக்கும். எல்லைச் சண்டையில் கணவரை இழந்தவர். ஹோட்டல்களுக்கு இஞ்சரா சுட்டுக் கொடுக்கிறார். இஞ்சரா என்பது நம் தோசைக்குப் பெரியப்பா முறை: அகலம் அதிகம், புளிப்பும் அதிகம். தவசிலிங்கம் என்ற என் பெயரை மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு, "தாவித்" என்று முடித்துவிட்டார். தெருவில் எல்லோருக்கும் இப்போது நான் தாவித்.

அருப்புக்கோட்டையிலிருந்து கிளம்பிய அன்று அக்கா வாசலுக்கு வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே பேசினாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. இருபத்தேழு வருடம் ஒரே பாலிடெக்னிக்கில் அமிலப் புகையை மோந்தாயிற்று, வேறு ஒரு ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"போய்ட்டு வாடா. உன் கை நெருப்பு வாங்காம நான் எங்கயும் போயிர மாட்டேன்" என்றாள்.

பிள்ளை இல்லாதவள். இருபது வயதில் தாலி அறுத்தவள். அவள் வளர்த்தது என் ஒருவனைத்தான், கொள்ளி வைக்க வேண்டியவனும் நான் ஒருவன்தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினேன். ஜூலை லீவுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

26 செப்டம்பர்

கரண்ட் இல்லை. சோறு குழைந்துவிட்டது. மோர்மிளகாய் இருந்ததால் பிழைத்தேன்.

8 அக்டோபர், ஞாயிறு

வகுப்புகள் தொடங்கிவிட்டன. இங்கே கடிகாரமும் வேறு. சூரியன் உதித்தபின் எத்தனையாவது மணி என்று எண்ணுகிறார்கள். நம் காலை எட்டு இவர்களுக்கு இரண்டு மணி. நான் இன்னும் கைக்கடிகாரத்தை மாற்றவில்லை, மனதுக்குள் ஆறைக் கழித்துக்கொள்கிறேன். கழிக்கக் கழிக்க மத்தியானத்துக்குள் எது நிஜ நேரம் என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. வேதியியல் துறைத் தலைவர் அயலெவ், மெல்லிய குரல்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். மறுகரையில் நிற்பவர் மாதிரி நிதானமாகக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறார். "அவசரம் வேண்டாம் தாவித், எல்லோரும் மெதுவாகத்தான் வந்து சேர்கிறோம்" என்றார்.

தெருவில் ஓடுவது எல்லாம் நம் பஜாஜ் ஆட்டோ. நீல வர்ணம் பூசி, உள்ளே மாதா படம் ஒட்டியிருக்கிறார்கள். ஏறி உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் "பஸ் ஸ்டாண்டு போப்பா" என்றுவிட்டேன். அவனும் தலையாட்டிவிட்டு ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் விட்டான்.

தானா ஏரி. கடல் என்றே சொல்லலாம். கோரைப்புல்லைக் கட்டிச் செய்த படகுகள் தண்ணீரில் பாதி முழுகியபடியே போகின்றன. படகும் தெரிவதில்லை, பனிமூட்டத்தில் ஆள் மட்டும் தண்ணீர்மேல் உட்கார்ந்து நகர்வது போல் இருக்கிறது. இருட்டும்வரை அங்கேயே இருந்தேன். என்ன யோசித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

22 அக்டோபர், ஞாயிறு

நேற்று தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். முலுநேஷ் என் தலையைப் பார்த்துவிட்டு, காய்ச்சலா என்று கேட்டார்.

ஞாயிறுதோறும் டெலிபோன் ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்று ஊருக்குப் பேசுகிறேன். கனகவல்லி ஐந்து நிமிடம், அக்கா இரண்டு நிமிடம். அக்கா போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு கத்துவாள். அங்கே என்ன மணி என்று இன்று கேட்டாள். எந்தக் கணக்கில் சொல்ல? இங்கே இன்னும் 1999-தான் அக்கா, நீ ஓடியாடித் திரிகிறாய் என்றேன். "அப்ப அங்கயே இருக்கச் சொல்லு அவள" என்றாள். பிறகு இருமல் வந்து, கனகவல்லி போனை வாங்கிக்கொண்டாள்.

12 நவம்பர், ஞாயிறு

இன்று முலுநேஷ் என்னைத் தெருச் சங்கத்துக்குக் கூட்டிப் போனார். இடிர் என்கிறார்கள். மாதம் ஒரு முறை கூடுகிறார்கள். நாற்பது பேர், மரத்தடி, ஒரு பெரிய நோட்டு, எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறார்கள். எனக்குப் புரியாதா? நம் ஊர்ச் சீட்டு! என் பெயரையும் சேர்த்தார்கள். வீட்டு ஆட்கள் பெயர் கேட்டார்கள். வாரிசுக்காக இருக்கும் என்று நினைத்து, மனைவி கனகவல்லி, மகள் தமயந்தி, அக்கா சுப்புத்தாய் என்று சொன்னேன். எழுதிக்கொண்டவர், அக்கா பெயரை எழுத்து எழுத்தாக இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

எனக்கு எப்போது விழும் என்று கேட்டேன், எனக்குத் தெரிந்த அரைகுறை அம்ஹாரிக்கில். நாற்பது பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒரு கிழவர் எழுந்து வந்து, இந்த ஊர் வணக்க முறைப்படி என் தோளில் தோளை இடித்து, சீக்கிரம் விழாமல் இருக்கட்டும் என்றார். சீட்டை முதலில் எடுத்தால் நஷ்டம், கடைசியில் எடுத்தால்தான் லாபம் என்று இவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. விவரமான ஜனங்கள்.

3 டிசம்பர், ஞாயிறு

மாலையில் முலுநேஷ் காபி போட்டார். இங்கே காபி என்பது இரண்டு மணி நேர வேலை. தரையில் பச்சைப்புல் பரப்பி, சாம்பிராணி போட்டு, பச்சைக் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, இடித்து, கொதிக்கவைத்து, மூன்று சுற்று. முதல் சுற்றோடு எழுந்தால் மரியாதை இல்லை. மூன்றாவது தண்ணீராக இருக்கும், ஆனால் ஆசீர்வாதம் அதில்தான் இருக்கிறதாம். அயலெவும் வந்திருந்தார். புகையில் எல்லோர் முகமும் கரைந்து கரைந்து தெரிந்தது. அந்த மயக்கத்தில்தான் நான் பேசியிருக்க வேண்டும். இத்தனை வருடத்தில் கனகவல்லியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

எனக்கு ஐந்து வயது. அம்மாவை மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அக்கா கூட இருந்தாள். ஒருநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு முகம் கழுவிவிட்டாள். பழைய சோற்றைப் பிழிந்து தயிர் ஊற்றிப் பிசைந்து ஊட்டினாள். முடிந்ததும் இன்னொரு வாய் கேட்டேன். கொடுத்தாள். மறுபடி இன்னொரு வாய் கேட்டேன். சட்டி காலியாகும்வரை கேட்டேன், நல்ல பசி போலிருக்கிறது. பிறகு கை கழுவிவிட்டு, மடியில் உட்காரவைத்து, அம்மா செத்துப்போய்விட்டாள் என்று சொன்னாள். அந்தச் சட்டி காலியாகும்வரை எனக்கு அம்மா இருந்தாள்.

அயலெவ் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல முலுநேஷ் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், உன் அக்கா எங்கள் ஊரில் பிறந்திருக்க வேண்டியவள் என்றார். மூன்றாவது கோப்பையை எனக்கு மட்டும் நிறைய ஊற்றினார்.

20 ஜனவரி 2007, சனி

மூன்றாவது வீட்டில் ஒரு மரணம். தெருவை அடைத்துப் பச்சைக் கூடாரம் போட்டு, நீள பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். பெஞ்சின் முதுகில் எங்கள் சங்கத்தின் பெயர்! இடிர் என்பது சீட்டு இல்லை. சாவுக்குக் கூடும் சங்கம். ஒருவர் வீட்டில் துக்கம் விழுந்தால் கூடாரம், பெஞ்சு, சாப்பாடு எல்லாம் சங்கம் பார்க்கும். ஆட்கள் முறைவைத்து வந்து உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு எப்போது விழும் என்று நான் போய்க் கேட்டிருக்கிறேன்! வேதியியல் படித்த மடையன்.

புதைப்பது அன்றன்றைக்கே. உட்கார்ந்திருப்பது மட்டும் நாள்கணக்கில். நானும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். யாரும் எதுவும் பேசவில்லை. எழுந்தபோது மனம் லேசாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

4 பிப்ரவரி, ஞாயிறு

அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது. இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்தபடிதான் தூங்குகிறாளாம். கனகவல்லி, "என்னங்க, அடுத்த வாரம் உங்களுக்கு லீவுன்னு சொன்னீங்களே" என்றாள். பத்து நாள்தான், போகவர நாலு நாள் போய்விடும், விடைத்தாள் வேறு இருக்கிறது என்றேன். அக்கா போனை வாங்கி, "அவன எதுக்கு அலைய விடுற. ஜூலைல வருவான்" என்று கத்தினாள், என்னிடமா அவளிடமா என்று தெரியவில்லை.

ஜூலைக்கு ஐந்து மாதம் இருக்கிறது. இந்த ஊர்க் கணக்கில் இன்னும் 1999.

15 பிப்ரவரி

நைல் அருவி பார்க்கப் போனோம், அயலெவும் நானும். தண்ணீர் குறைவு. ஆனாலும் சாரலில் வானவில் நின்றது. விடைத்தாள் இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை.

4 மார்ச், ஞாயிறு

போன் செய்யவில்லை. டெலிபோன் ஆபீசில் வரிசை நீளம்.

8 மார்ச், வியாழன்

இன்று ஒரு அருமையான நாள். மத்தியான வகுப்பை அயலெவ் தானே எடுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, நீங்கள் களைத்துத் தெரிகிறீர்கள் என்றார். வகுப்பு முடிந்ததும் வந்து என்னை ஏரிக்குக் கூட்டிப் போனார். படகில் போய் ஒரு தீவில் இறங்கினோம். பழைய தேவாலயம், சுவர் முழுக்கப் படங்கள். எல்லாப் படத்திலும் நல்லவர்களுக்கு இரண்டு கண்ணும் தெரிகிறது, கெட்டவர்களுக்கு ஒரு கண்தான். அயலெவ் விளக்கிச் சொன்னார், ஆனால் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

திரும்பும்போது தண்ணீர் தகடாக இருந்தது. நாரைகள் சத்தமில்லாமல் இறங்கின. கரையில் ஒரு பெண் கைத்தறித் துணி விற்றாள். அக்காவுக்கு ஒரு வெள்ளைப் போர்வை வாங்கினேன், ஓரத்தில் பச்சைக் கரை போட்டது. அவள் பச்சையைத் தவிர வேறு நிறம் தொடமாட்டாள். நான் பேரம் பேசுவதற்குள் அயலெவ் பணத்தை நீட்டிவிட்டார். எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை. பப்பாளியும் வாங்கிக் கொடுத்தார். நல்ல இனிப்பு.

9 மார்ச், வெள்ளி

விடியலில் வாசற்கேட் பக்கம் காலடிச் சத்தம். நாய் குரைத்து அடங்கியது. நான் அடுப்பில் ரவை வறுத்துக்கொண்டு பழைய பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்ப்பதற்குள் போய்விட்டார்கள்.

பரிசோதனைக்கூடத்தில் இன்று தேர்வு. பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். ஒருவன்கூடக் குப்பியை உடைக்கவில்லை.

மாலையில் வரும்போது தெருமுனையில் நம் சங்கத்துக் கூடாரத் துணியை இறக்கி வைத்திருந்தார்கள். பெஞ்சுகளும் வந்திருந்தன. யார் வீட்டில் என்று முலுநேஷிடம் கேட்டேன். காது கேட்காதவர் போல உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பெரிய தட்டில் இஞ்சராவும் பருப்பும் கொண்டுவந்தார். இங்கே பிரியமானவர்களுக்குக் கையால் ஒரு கவளம் ஊட்டுவது வழக்கம். பார்த்திருக்கிறேன், எனக்கு யாரும் செய்ததில்லை. இன்று முலுநேஷ் சுருட்டி என் வாயருகே நீட்டினார். வெட்கமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன். அக்காவுக்குப் பிறகு எனக்கு ஊட்டியது இவர்தான்.

இன்னும் கொஞ்சம் கேட்டேன். கொடுத்தார். புளிப்பு இன்று சரியாக இருந்தது.

போர்வையை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஜூலையில் கொண்டுபோக வேண்டும்.

10 மார்ச், சனி

அக்கா போய்விட்டாள்.

13 மார்ச், செவ்வாய்

வீட்டில் கட்டில் இல்லை. எடுத்துவிட்டார்கள். துக்க வீட்டில் எல்லோரும் தரையில்தான். மெத்தையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே கூடாரத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் தனியாக இருக்கவே கூடாதாம். குளிக்கப் போனாலும் வாசலில் ஒருவர் நிற்கிறார்.

சனிக்கிழமை விடியலில் கதவைத் தட்டினார்கள். அயலெவ், முலுநேஷ், சங்கத்துக் கிழவர், இன்னும் ஏழெட்டுப் பேர். எல்லோரும் வெள்ளைப் போர்வை. என்னை உட்காரவைத்து இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள். அயலெவ் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சுப்புத்தாய் என்ற பெயரை ஒரு பிழை இல்லாமல் சொன்னார். என் பெயரையே தாவித் ஆக்கிய தெருவில் அந்தப் பெயர் அவ்வளவு சரியாக வந்தது. சங்கத்து நோட்டில் பார்த்துப் பழகியிருக்கிறார்.

பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். முலுநேஷ் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். பார்த்தே இராத என் அக்காவைப் பெயர் சொல்லி அழுதார். நான் அழவில்லை. டெலிபோன் ஆபீசுக்கு ஓடினேன். நாலு பேர் கூடவே ஓடிவந்தார்கள்.

கனகவல்லி எடுத்ததும், "எங்கங்க இருக்கீங்க, மெட்ராஸ் வந்துட்டீங்களா?" என்றாள்.

வியாழன் அதிகாலை போயிருக்கிறாள் அக்கா. காலையிலேயே மைத்துனன் கல்லூரிக்குப் போன் போட்டு இங்கிலீஷில் சொல்லிவிட்டான். சொல்லிவிடுகிறோம் என்று பதில் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை லைனே கிடைக்கவில்லை. நான் கிளம்பிவிட்டேன், விமானத்தில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அக்காவை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். மைத்துனன் பஸ் ஸ்டாண்டில் நின்று மதுரையிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்திருக்கிறான். வெள்ளி மாலை ஆறு மணி பஸ்ஸிலும் நான் இறங்கவில்லை. பெரியப்பா பேரன் கொள்ளி வைத்தான். அவனுக்கு அக்காவை நாலு கல்யாணத்தில் பார்த்த பழக்கம்.

வியாழன் மத்தியானம் ஒரு விமானம் இருந்தது. அதைப் பிடித்திருந்தால் வெள்ளி மாலைக்குள் போயிருப்பேன். அந்த நேரத்தில் நான் ஏரியில் நாரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து அயலெவின் சட்டையைப் பிடித்தேன். என் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதையும் திருடிவிட்டாயே என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். அவர் என் கையை விலக்கவில்லை. நான் ஓய்ந்த பிறகு பேசினார். மரணச் செய்தியை இங்கே யாருக்கும் போனில் சொல்வதில்லை, தனியாக இருக்கும்போது சொல்வதில்லை. சாப்பிடவைத்து, தூங்கவிட்டு, விடியலில், வேண்டியவர்கள் சூழ்ந்து நின்றுதான் சொல்வது. அன்றே புதைப்பது அவர்கள் வழக்கம். அதனால் எப்படியும் எல்லாம் முடிந்திருக்கும், பதறி ஓடவைப்பதில் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று நினைத்திருக்கிறார். மகனோ தம்பியோ வந்து தீ வைக்கும்வரை உடல் காத்திருக்கும் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. நான் சொல்லித் தெரிந்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"வெள்ளி விடியல்லயே வந்தோம் தாவித். நீங்க பாடிக்கிட்டு இருந்தீங்க. எங்களால முடியல" என்றார்.

முலுநேஷ் சமையலறையிலிருந்து வந்தார். என்னைத் திட்டு, அவரைத் திட்டாதே என்றார். அயலெவ் வியாழனன்றே சொல்லிவிடலாம் என்றாராம். இவர்தான் விடவில்லை. இவருடைய கணவர் செத்த செய்தி ஒரு அலுவலக வரிசையில் நிற்கும்போது, உச்சி வெயிலில், ஒரு காகிதமாகக் கையில் கொடுக்கப்பட்டதாம். கூட யாரும் இல்லை. காலையிலிருந்து சாப்பிடவும் இல்லை. வீடு வரைக்கும் எப்படி நடந்து வந்தார் என்று இன்றுவரை நினைவில்லையாம்.

"உன் அக்கா உனக்கு எப்படிச் சொன்னாள்னு நீதானே சொன்னே. அதே மாதிரி சொல்லணும்னு நினைச்சேன்" என்றார்.

அதற்கு மேல் நான் கத்தவில்லை. ஆனால் மன்னிக்கவும் இல்லை. அவர் கொண்டுவந்த தட்டைத் தொடாமல் அனுப்பிவிட்டேன். "அய்ஸோ" என்றுவிட்டுப் போனார். விழுந்த குழந்தைக்கு இங்கே சொல்லும் வார்த்தை அது.

18 மார்ச், ஞாயிறு

கூடாரத்தை எடுத்துவிட்டார்கள். தெரு அகலமாகத் தெரிகிறது. டெலிபோன் ஆபீசில் பேசிவிட்டு வந்தேன். ஐந்து நிமிடம் கனகவல்லி பேசினாள். அதற்குப் பின் போனை யாரிடம் கொடுப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பதினாறாம் நாளுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை விமானம்.

கட்டில் திரும்பி வந்துவிட்டது. அதில் உட்கார்ந்து இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். மாணவனின் பரிசோதனைக் குறிப்பேட்டில் பொய் அளவு எழுதியிருந்தால் எனக்கு உடனே தெரியும். எண்கள் ரொம்பவும் அழகாக இருக்கும். மார்ச் எட்டு, ஒன்பது இரண்டு நாளும் அப்படி இருக்கிறது. நாரை, பப்பாளி, பச்சைக் கரை.

எழுதாததை இப்போது எழுதுகிறேன். வியாழன் காலை எட்டரை மணிக்கு அலுவலக போன் அடித்தது. நான் எதிர் அறையில் கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன். அயலெவ் எடுத்தார். கேட்டுக்கொண்டே கண்ணாடித் தடுப்பு வழியாக என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். குழாயை மறுபடி கழுவினேன், கழுவியதையே. டெலிபோன் ஆபீஸ் கல்லூரியிலிருந்து பத்து நிமிட நடை. இரண்டு நாளில் நான் அந்தப் பக்கமே போகவில்லை. மார்ச் நாலாம் தேதியும் வரிசை நீளமாக இல்லை. மூன்றே பேர்தான் நின்றார்கள். அக்கா மூச்சு வாங்குவதைக் கேட்கப் பயந்து திரும்பிவிட்டேன்.

அயலெவுக்கு வழக்கம் தெரியாது. எனக்குத் தெரியும். ஐஸ் பெட்டி தெரியும், மதுரை பஸ் தெரியும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மத்தியான விமானத்தில் ஏறியிருப்பேன். கேட்டிருந்தால் அக்கா வியாழக்கிழமையே செத்திருப்பாள். கேட்காததால் எனக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தாள். அவளுக்கு ஒரு போர்வைகூட வாங்கினேன். அந்த இரண்டு நாளுக்கு விலையாக அவள் கேட்ட நெருப்பைக் கொடுத்துவிட்டேன். அக்கா, என்னை மன்னிப்பாயோ மாட்டாயோ, எனக்குத் தெரியாது.

முலுநேஷ் வீட்டுக்குப் போய் நின்றேன். அவர் அடுப்பிலிருந்து இஞ்சராவை எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தார். நான் சாப்பிட்டேன். போர்வையை அவரிடம் கொடுத்தேன். முதலில் மறுத்தார், பிறகு தோளில் போட்டுக்கொண்டார். பச்சைக் கரை அவருக்கும் பொருத்தமாகத்தான் இருந்தது.

டிசம்பர் மூன்றாம் தேதிக் குறிப்பிலும் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். நல்ல பசி போலிருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டேன். அன்று எனக்குப் பசியே இல்லை. அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது நான் தெருமுனையில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். பார்த்ததால்தான் இன்னொரு வாய் கேட்டேன்.